முதலில் தண்ணீர், பிறகு விதை

(வீட்டுத் தோட்டப் பயிற்சி வகுப்பில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஆடி மாதம் பிறக்கப் போகிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லிக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். இன்று இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் விதைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தில்தான் வந்திருப்பீர்கள். விதை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதை இன்று கொடுக்கப் போவதில்லை. இன்று முதல் எட்டாம் நாள் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். நடுவில் உள்ள ஏழு நாட்களில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

நம் ஊர்த் தெருக்களில் வீட்டுத் தோட்டம் வைத்த வீடுகளுக்கு நாங்கள் போய்ப் பார்த்திருக்கிறோம். விதைத்த ஐந்தாம் நாள் முளைக்கிறது. பதினைந்தாம் நாள் வரை வீடே கூடி நின்று பார்க்கிறது. பிள்ளைகள் காலையில் எழுந்ததும் செடியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். இருபதாம் நாள், இருபத்தைந்தாம் நாள் வாக்கில் ஒரு கல்யாணம் வருகிறது, அல்லது குழாயில் தண்ணீர் நான்கு நாள் வரவில்லை, அல்லது மோட்டார் பழுதாகிறது. அத்தோடு தோட்டம் முடிந்தது. விதை மோசம் என்று சொல்கிறார்கள். கைராசி இல்லை என்று சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. தண்ணீருக்கு ஒரு வழி செய்யாமல் விதையைப் போட்டதுதான் காரணம்.

ஆகவே இந்த உரையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். எத்தனை பாத்தி வேண்டும் என்பதை நிலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் கிணற்றின் நிலை

இந்த இராமநாதபுரம் கடற்கரையில் நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லி மீட்டருக்குச் சற்று மேல் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான். மற்ற மாதங்களில் காவிரிக் கூட்டுக் குடிநீர், கிணறு, போர், இல்லாவிட்டால் விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர். லாரித் தண்ணீரை ஊற்றிக் கீரை வளர்த்தால், கடையில் கட்டுக் கீரை வாங்குவதைவிட அதிகம் செலவாகும். குடிநீர்க் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பினால் அடுத்த வீட்டுக் குடம் காலியாக நிற்கும். மிச்சம் இருப்பது கிணறும் போரும்.

கடற்கரை ஊரில் கிணறு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, உப்புத் தண்ணீர் கனம் கூடியது. அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. நம் உம்மம்மா காலத்தில் வாளியைப் போட்டு மேலாக இறைத்தார்கள். எவ்வளவு இறைத்தாலும் மேல் தண்ணீர்தான் வந்தது. இன்று மோட்டாரைப் போட்டு அடியில் இருந்து வேகமாக உறிஞ்சுகிறோம். மேலே நல்ல தண்ணீர் குறையக் குறைய, கீழே இருந்து உப்பு ஏறி வருகிறது. ஒருமுறை ஏறிவிட்டால் ஒன்றிரண்டு நல்ல மழைக்காலம் பெய்தாலும் பழைய ருசி எளிதில் திரும்புவதில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், இருபது வீட்டில் ஹோஸ் பைப்பைப் போட்டுத் தோட்டத்துக்கு மோட்டார் ஓட்டினால், அந்தத் தெருவின் கிணறுகள் அத்தனையும் பாழாகிவிடும். நான்கு கத்தரிக்காய்க்காக அண்டை வீட்டார் குடிக்கும் தண்ணீரை உப்பாக்குவது நன்மையான காரியம் ஆகாது. மதீனாவில் ஹர்ரா பகுதியின் வாய்க்கால் தண்ணீர் விஷயமாக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகளில் ஒருவருக்கும் வழக்கு வந்தது. தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை வீட்டாருக்குத் தண்ணீரை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகி இருக்கிறது. தண்ணீரில் அண்டை வீட்டாருக்கு உள்ள உரிமை நமக்குப் புதிய பாடம் அல்ல.

அப்படியானால் தோட்டமே வேண்டாமா? வேண்டும். ஏற்கெனவே வீட்டில் புழங்கி, சாக்கடைக்குப் போகிற தண்ணீரைக் கொண்டே வேண்டும்.

குடக் கணக்கு

கணக்கு எளிது. நம் வெயிலில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் வேண்டும். மூன்று அடி அகலம், பத்து அடி நீளம் உள்ள ஒரு பாத்தி மூன்று சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குச் சுமார் 14, 15 லிட்டர். நாம் இடுப்பில் தூக்கும் பிளாஸ்டிக் குடமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே ஒரு பாத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தக் கணக்கும் வேண்டாம்.

இனி வீட்டில் எத்தனை குடம் வீணாகிறது என்று பாருங்கள்.

முதலாவது, உளூத் தண்ணீர். வீட்டில் மூன்று பேர் ஐந்து வேளையும் உளூ செய்கிறார்கள் என்று வைப்போம். குழாயைச் சிறிதாகத் திறந்து, ஒரு தடவைக்கு 2 லிட்டர் என்றால்கூட ஒரு நாளைக்கு 30 லிட்டர். அதாவது இரண்டு குடம், இரண்டு பாத்தி. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. அது முக்கால் லிட்டர் கூட வராது. நாம் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு 5, 6 லிட்டர் செலவழிக்கிறோம். தோட்டத்துக்கு ஆகிறதே என்று அதிகமாகத் திறக்கவும் கூடாது. வழக்கமாக ஆகிறதைப் பிடித்தால் போதும்.

உளூச் செய்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். உளூவுக்குப் பயன்பட்ட அந்தக் கொஞ்சத் தண்ணீரைக் கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாது என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆனால் அது நஜீஸ் அல்ல. செடிக்குத் தாராளமாக விடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பள்ளிவாசல் ஹவுள் தண்ணீர் வக்ஃபைச் சேர்ந்தது. அங்கே இருந்து வீட்டுக்குக் கொண்டுவர நாமாக முடிவு செய்யக்கூடாது. ஜமாஅத்திடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சமையலறை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி, கீரை கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு குடத்துக்குக் குறையாது. இறைச்சி, மீன் கழுவிய தண்ணீரை இதில் சேர்க்க வேண்டாம். கீரையில் படக்கூடாது, எறும்பும் ஈயும் பூனையும் வரும். அதைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டி ஊற்றுங்கள்.

மூன்றாவது, குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர். இதில் சோப்பு இருக்கிறது. சோப்புத் தூளில் உள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும், காய்கறிப் பாத்திக்கு ஆகாது. வாழைக்கும் கல்வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

நான்காவது, ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீர். இதைப் பிடித்துச் செடிக்கு விடச் சொல்லிப் பலர் யோசனை சொல்கிறார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. உள்ளே போன தண்ணீரின் உப்பு முழுவதும் கழிவில்தான் சேர்ந்து வருகிறது. அது தரை துடைக்க, கழிவறை கழுவ ஆகும். செடிக்கு வேண்டாம்.

ஐந்தாவது, மழை. தமிழகத்தில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இன்னும் சுவரில் இருக்கிறது, ஆனால் அடைந்து கிடக்கிறது. 500 சதுர அடி மாடியில் 5 மில்லி மீட்டர் மழை பெய்தாலே 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையில் இருந்து டிரம்மில் பிடியுங்கள். நிறைந்து வழிவது கிணற்றடி மணலில் இறங்கட்டும். நாம் எடுக்கிற தண்ணீருக்கு அதுவே பதில்.

இந்த ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று குடம் தேறும். அப்படியானால் மூன்று பாத்தி. ஒரு குடம்தான் தேறுகிறதா? ஒரு பாத்தி போடுங்கள். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வான். தண்ணீர் உள்ள ஒரு பாத்தி, தண்ணீர் இல்லாத ஆறு பாத்தியைவிட அதிகம் தரும்.

தண்ணீரின் உப்பைப் பாருங்கள்

உளூவுக்கு வருவதும் கிணற்றுத் தண்ணீர்தானே, அதில் உப்பு இருக்குமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆர்.ஓ. பழுதுபார்க்க வருகிற தம்பியின் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஒரு டம்ளரில் தண்ணீரைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடுவார். 500-க்குள் இருந்தால் எதுவும் வளர்க்கலாம். 500 முதல் 1000 வரை பெரும்பாலான காய்கறிகள் தாங்கும். 1000 முதல் 2000 வரை இருந்தால் பயிரைத் தேர்ந்து போட வேண்டும். கொத்தவரை நன்றாகத் தாங்கும், பீட்ரூட் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது. 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாகக் காய்கறிக்கு விட வேண்டாம். மழைத் தண்ணீரோடு கலந்து எண்ணைக் குறைத்துப் பயன்படுத்தலாம்.

இன்னும் விவரம் வேண்டுவோர், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம். இராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேட்டால் நம் மண்ணுக்கு ஏற்றதைச் சொல்வார்கள்.

தண்ணீரைச் செடிக்குக் கொண்டு சேர்க்கும் இரண்டு வழி

ஒரு குடத்தை அப்படியே பாத்தியில் கவிழ்த்தால் நம் மணலில் அது நேரே கீழே போய்விடும். வேருக்குக் கிடைப்பது கொஞ்சம். மெதுவாகக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் சொல்கிறோம்.

முதல் வழி பானை. செலவு குறைவு, சமையலறைத் தண்ணீருக்கும் உளூத் தண்ணீருக்கும் இதுதான் பொருத்தம். 5, 6 லிட்டர் பிடிக்கும் சாதாரண மண்பானை வாங்குங்கள். வர்ணம் பூசியது, பளபளப்பு ஏற்றியது வேண்டாம். வாங்கியதும் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு நிழலில் வையுங்கள். காலையில் பானையின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது நல்ல பானை. அதைப் பாத்தியில் கழுத்து வரை புதைத்து, ஒரு விரற்கடை மட்டும் மேலே தெரியும்படி விடுங்கள். இரண்டடிக்கு ஒன்றாகப் பத்தடிப் பாத்திக்கு நான்கைந்து பானை போதும். பானையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் செடியை வைத்தால், மண் காயக் காயப் பானை தானாகக் கசிந்து கொடுக்கும். அரிசித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நாளடைவில் துவாரம் அடைத்துக் கசிவு குறைந்தால், பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மறுபடி வைக்கலாம். பானையின் வாயைச் சட்டியால் மூடியே வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும்.

இரண்டாவது வழி டிரம்மும் சொட்டுக் குழாயும். மழைத் தண்ணீர், வடிகட்டிய தெளிந்த தண்ணீர் உள்ளவர்களுக்கு இது. 200 லிட்டர் டிரம்மை மூன்று, நான்கு அடி உயரத்தில் வையுங்கள். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனம். ஹாலோ பிளாக் கல்லால் உறுதியான மேடை கட்டித்தான் வைக்க வேண்டும். பலகை மேலும் பழைய நாற்காலி மேலும் வைக்காதீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். மொட்டை மாடியில் வைப்பவர்கள் நடுத்தளத்தில் வைக்காமல், கீழே சுவர் அல்லது பீம் வருகிற இடத்தில் வையுங்கள்.

டிரம்மின் அடியில் இருந்து இரண்டு அங்குலம் மேலே குழாய் பொருத்துங்கள். அடியில் தங்கும் கசடு குழாய்க்குள் வராது. குழாய்க்கு அடுத்து ஒரு சல்லடை ஃபில்டர், பிறகு 16 மில்லி மீட்டர் கறுப்புக் குழாய். கறுப்பாக இருந்தால்தான் உள்ளே பாசி பிடிக்காது. மூன்றடிப் பாத்திக்கு இரண்டு வரி போதும். அடிக்கு ஒரு சொட்டுவான். பத்தடியில் இரண்டு வரிக்கு 20 சொட்டுவான் ஆயிற்று.

கடையில் சொட்டுவானின் மேல் மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது மோட்டார் அழுத்தத்துக்கு உள்ள கணக்கு. மூன்று, நான்கு அடி உயர டிரம்மில் இருந்து மணிக்கு ஒன்றேகால் லிட்டர் போலத்தான் வரும். அதில் ஒரு குறையும் இல்லை. 20 சொட்டுவானுக்கு மணிக்கு 25 லிட்டர் என்றால், ஒரு குடம் போய்ச்சேர 35, 40 நிமிடம். சுப்ஹு தொழுதுவிட்டுத் திறந்தால், பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பும் நேரத்தில் மூடிவிடலாம். அழுத்தம் சமன் செய்யும் வகைச் சொட்டுவான் வாங்காதீர்கள். இவ்வளவு குறைந்த உயரத்துக்கு அது சரியாக வேலை செய்யாது.

பொருத்தி முடித்ததும் முதல் சொட்டுவான், நடுச் சொட்டுவான், கடைசிச் சொட்டுவான் மூன்றின் கீழும் ஒரே அளவு டம்ளர் வையுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும். கடைசியில் மிகக் குறைவாக இருந்தால் குழாயின் நீளம் அதிகம், அல்லது எங்கோ அடைப்பு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் தூசி வெளியேறிவிடும். டிரம்முக்கு மூடியும், மூடிக்குக் கீழே கொசுவலைத் துணியும் கட்டாயம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது.

மண்ணைத் தயார் செய்தல்

தண்ணீருக்கு வழி செய்தாயிற்று. இனி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் படுகிறதா என்று பாருங்கள். உளூச் செய்யும் இடத்துக்கும் சமையலறைப் பின்வாசலுக்கும் பக்கமாக இருந்தால் நல்லது. தூரத்தில் வைத்தால் குடத்தைச் சுமக்கும் இடுப்பு இரண்டாம் வாரமே வலிக்கும், தோட்டம் நின்றுவிடும்.

ஒரு அடி ஆழம் கொத்துங்கள். வீடு கட்டிய காலத்துச் சுண்ணாம்புக் கட்டி, சிமெண்டுத் துண்டு, ஓட்டுச் சில்லு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் இருக்கிற மண்ணில் செடி வெளுத்துப் போகும். பிறகு பாத்திக்கு மூன்று கூடை நன்றாக மக்கிய எரு, ஒரு கூடை செம்மண் சேர்த்துக் கலக்குங்கள். நம் வீடுகளில் ஆட்டெருவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் புது எரு சூடு, வேரைக் கருக்கிவிடும். மக்கி, மண் வாசனை வந்த பிறகே போட வேண்டும்.

தென்னை நார்க்கழிவு சேர்த்தால் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். அதில் இயற்கையாகவே உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

குர்பானியின்போது மிஞ்சும் இரைப்பைச் சாணத்தையும் வீணாக்க வேண்டாம். கிணற்றுக்குத் தள்ளி ஒரு குழியில் இலைதழையும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி வைத்தால் நான்கைந்து மாதத்தில் நல்ல உரமாகிவிடும். பச்சையாகப் பாத்தியில் போடக்கூடாது. நாய் தோண்டும், நாற்றம் வரும், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு.

இந்த ஆடி, ஆவணி வெயிலுக்குப் பாத்தியைத் தரையைவிட மூன்று நான்கு விரல் தாழ்வாக வைத்துச் சுற்றிலும் வரப்பு கட்டுங்கள். ஈரம் நிற்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் மண்ணைக் கூட்டிப் பாத்தியை உயர்த்தி, ஓரத்தில் தண்ணீர் ஓட வழி விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் பிழைத்த செடி மழையில் அழுகும்.

ஏழு நாள் ஒத்திகை

இதுதான் நாங்கள் உங்களிடம் கேட்பது. பாத்தி தயாரானதும் விதை போடாமல் ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். விதைத்திருந்தால் எப்படி விடுவீர்களோ அப்படியே, அதே குடம், அதே நேரம், அதே ஆள்.

வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயே என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஏழு நாளில் நான்கு விஷயங்கள் தெரிந்துவிடும்.

முதலாவது, சொன்ன கணக்குப்படி தண்ணீர் வீட்டில் தேறுகிறதா என்பது. மூன்று குடம் வரும் என்று நினைத்தது இரண்டாக இருக்கலாம். அப்போது ஒரு பாத்தியைக் கைவிட்டால் நஷ்டம் இல்லை, உள்ளே செடி இல்லையே.

இரண்டாவது, தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது. விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாத்தியின் ஓரத்தில் கையால் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் ஈரம் இருந்தால் சரி. நான்கு விரலோடு நின்றால் போதவில்லை. மறுநாள் காலையில் மேல்மண் காய்ந்து, இரண்டு விரலுக்குக் கீழே ஈரம் இருந்தால் மண் தண்ணீரைப் பிடிக்கிறது என்று அர்த்தம். முழுவதும் காய்ந்திருந்தால் இன்னும் ஒரு கூடை எரு வேண்டும்.

மூன்றாவது, களை. ஈரம் பட்டதும் மண்ணில் கிடக்கும் களை விதை எல்லாம் முளைக்கும். ஏழாம் நாள் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டால், உங்கள் கீரை முளைக்கும்போது போட்டி பாதியாகக் குறையும்.

நான்காவது, ஆள். தண்ணீர் விடும் பொறுப்பு யாருக்கு? உம்மாவுக்கா, லாத்தாவுக்கா, பள்ளிக்கூடம் போகும் தம்பிக்கா? வீட்டார் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்கோ மருத்துவமனைக்கோ போனால் அந்த இரண்டு நாள் யார் ஊற்றுவார்கள்? அண்டை வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விளைவதில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று சொன்னால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஒரு தாளில் தேதி, எத்தனை குடம், யார் ஊற்றியது, எவ்வளவு ஆழம் ஈரம் என்று நான்கே நான்கு கட்டம் போட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எட்டாம் நாள் அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். தாளில் எத்தனை பாத்திக்குத் தண்ணீர் தெரிகிறதோ அத்தனை பாத்திக்கு விதை தருவோம். விதவைத் தாய்மார்களுக்கும், டிரம் வாங்க முடியாத வீடுகளுக்கும் பானையோ டிரம்மோ அறக்கட்டளையே தரும், இன்ஷா அல்லாஹ். நாங்களாகக் கேட்க மாட்டோம். நீங்களாகத் தனியாக வந்து சொன்னால் போதும். அது வெளியே போகாது.

எதை முதலில் போடலாம்?

ஒரு பாத்தி உள்ளவர்கள் பாதியில் கீரை போடுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வரும். மீதிப் பாதியில் கொத்தவரை. இரண்டாம் பாத்தி உள்ளவர்கள் வெண்டை போடலாம், 45 நாளில் காய்க்கத் தொடங்கும். மூன்றாம் பாத்தியில் கத்தரி. அதை நேரடியாக விதைக்காமல் தொட்டியில் நாற்று விட்டு, ஒரு மாத நாற்றாக எடுத்து நட வேண்டும். புதினாவுக்குத் தனிப் பாத்தி வேண்டாம். உளூக் குழாய்க்குக் கீழே ஈரம் நிற்கும் மூலையில் நான்கு தண்டை ஊன்றுங்கள். பிரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் கடைக்குப் போக வேண்டி இராது.

விதைத்ததும் காய்ந்த இலை, நறுக்கிய தென்னை ஓலை கொண்டு பாத்தியை இரண்டு விரல் கனத்துக்கு மூடுங்கள். முளை வந்ததும் முளைக்கு மேல் மட்டும் விலக்கி விடுங்கள். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் ஒரு குடம் ஒன்றேகால் குடமாக உழைக்கும். தண்ணீரைக் காலையில் சுப்ஹுக்குப் பின் அல்லது அஸருக்குப் பின் விடுங்கள். லுஹர் வேளையில் விடுவதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். உப்புத் தண்ணீர் விடுபவர்கள் இலையில் படாமல் வேரில் மட்டும் விடுங்கள். இலையில் பட்டு உலர்ந்தால் ஓரம் கருகும்.

நம் தெருவில் ஆடும் கோழியும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். வேலி இல்லாத தோட்டம் அவற்றுக்கு வைத்த விருந்து. பழைய மீன் வலை கிடைத்தால் நான்கு கம்பு நட்டுச் சுற்றிக் கட்டுங்கள், செலவே இல்லை. அதையும் மீறி ஒரு பறவை கொத்தினால் மனம் கோண வேண்டாம். முஸ்லிம் ஒருவர் நட்டதில் இருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அதுவும் அவருக்கு ஸதகா என்ற கருத்தில் வரும் நபிமொழி நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

நிறைவாக ஒன்று. முதல் பறிப்பை எடுக்கும்போது, தண்ணீர் ஊற்ற உதவிய அண்டை வீட்டுக்கும், தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கும் ஒரு பிடி கீரை அனுப்புங்கள். அவர்கள் கிணற்றில் நீங்கள் உப்பை ஏற்றவில்லை, அவர்கள் சட்டியில் கீரை ஏறியது என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்?

நாளைச் சுப்ஹில் இருந்தே உளூச் செய்யும் இடத்தில் ஒரு வாளியை வையுங்கள். அன்று இரவு இஷாவுக்குப் பிறகு எத்தனை குடம் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். எட்டாம் நாள் தாளோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் வீடுகளிலும் நம் தண்ணீரிலும் நம் உணவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.